பத்தாவது ஆளைத் தேடி: லைப்சிக் நகரமும் எங்கள் அறநூல்களும்



போன கிறிஸ்மஸ் விடுமுறைக்கு என் அக்காவின் மகள் லைப்சிக்குக்கு வந்து நான்கு நாள் நின்றாள். வயது 15. கையில் ஒரு கொப்பி. விடுமுறை முடிந்ததும் தமிழ்ப் பாடசாலையில் கொன்றைவேந்தன் ஒப்புவிக்க வேண்டுமாம். இரண்டாம் நாள் காலை கோப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, உண்மையா கேக்கிறன். இதை யேர்மனியில ஆருக்குத் தேவை? அர்த்தமும் முழுசா விளங்கேல்ல. கோயில், தேவாரம், நீதி எண்டு எல்லாம் ஊருக்குச் சரி. இஞ்ச என்னத்துக்கு?"

நானும் அந்த வயதில் இதே கேள்வியைக் கேட்டேன். அப்போது எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "வாயை மூடிக்கொண்டு பாடமாக்கு." அந்தப் பதிலை அவளுக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "சப்பாத்தைப் போடு, நடந்துபோவம்" என்றேன். அன்று நடந்துகொண்டே சொன்ன கதையைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். நான் வரலாற்று அறிஞன் இல்லை. பொறியியல் படித்து, கணினி ஆலோசகராக வேலை செய்பவன். ஆனால் நான் குடியிருக்கும் நகரத்துக்கும் அவளுடைய கொப்பிக்கும் 300 வருடத் தொடர்பு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தபோது சும்மா இருக்க முடியவில்லை.

மணலில் எழுதப் பழகிய ஒரு வெள்ளைக்காரர்

கதை லைப்சிக்கில் தொடங்கவில்லை. இங்கிருந்து எஸ்-பானில் ஏறினால் கிட்டத்தட்ட அரை மணித்தியாலத்தில் ஹாலே நகரம் வந்துவிடும். அங்கே படித்தவர் பார்த்தலோமேயஸ் சீகன்பால்க். பிறந்தது 1682இல், எங்கள் சாக்சனி மாநிலத்தின் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் போய் இறங்கினார். அப்போது அந்த ஊர் டேனியர் கையில் இருந்தது. அவர் போன நோக்கம் ஒன்றே ஒன்று: தமிழர்களைக் கிறிஸ்தவர்கள் ஆக்குவது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.

மதம் மாற்ற வேண்டுமென்றால் முதலில் கதைக்க வேண்டும். கதைக்கத் தமிழ் வேண்டும். அதனால் அவர் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, விரலால் மணலில் எழுதி எழுத்துப் பழகினார். ஓர் இருபத்து நான்கு வயது வெள்ளைக்காரர் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து "அ, ஆ" எழுதுவதைக் கற்பனை செய்து பாருங்கள். பிறகு ஓலைச்சுவடிகளை வாங்கவும் பிரதி எடுப்பிக்கவும் தொடங்கினார். இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் அவரிடம் சேர்ந்தன. அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார்.

அதே 1708இல் மூன்று தமிழ் நூல்களை டொச் மொழிக்கு மாற்றினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி.

இந்த இடத்தில் மருமகள் நின்றுவிட்டாள். "எந்தக் கொன்றைவேந்தன்? இதுவா?"

ஆம், அதேதான். ஔவையார் எழுதியது. அவள் பாடமாக்கச் சலித்துக்கொண்ட அந்த 91 வரிகளைத்தான், அவளுக்கு 300 வருடத்துக்கு முன்பு, அவளுடைய பாடசாலை மொழியில் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அவர் ஏன் எழுதினார்? ஐரோப்பாவில் இருந்தவர்கள் அப்போது தமிழர்களை நாகரிகமற்ற கூட்டம் என்று நினைத்தார்கள். சீகன்பால்கும் அந்த எண்ணத்தோடுதான் கப்பல் ஏறினார். நூல்களைப் படித்த பிறகு அவருடைய எண்ணம் மாறியது. இவர்களிடம் ஒழுங்கான அறநெறி இருக்கிறது, நல்லது கெட்டதைப் பற்றி இவர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள் என்பதை ஊருக்குத் தெரிவிக்க விரும்பினார். 1713இல் தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலையே எழுதி அனுப்பினார்.

ஆனால் ஹாலேயில் இருந்த பொறுப்பாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. போன வேலை என்ன, செய்கிற வேலை என்ன என்று நினைத்தார்கள். தெய்வங்களைப் பற்றிய நூல் 1867இல்தான் சென்னையில் அச்சானது. எழுதி 154 வருடம் கழித்து! நீதிநூல் மொழிபெயர்ப்புகள் இன்னும் மோசம். அவை 1930இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. 222 வருடம்! சீகன்பால்க் 1719இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்துவிட்டார். தான் எழுதிய கொன்றைவேந்தனை அச்சில் அவர் காணவே இல்லை.

பவுல்-லிஸ்ட் வீதியில் ஒரு வீடு

நாங்கள் பேசிக்கொண்டே பையரிஷர் பான்ஹோஃபைக் கடந்து பவுல்-லிஸ்ட் வீதிக்கு வந்துவிட்டோம். அங்கே லைப்சிக் மிஷனின் இல்லம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் விசேஷமாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஐரோப்பாவில் தமிழ் நூல்களின் வரலாற்றை எழுதினால் இந்த நிறுவனத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

இந்த மிஷன் முதலில் ட்ரெஸ்டனில் இருந்தது. 1844இல் அதற்கு இயக்குநராக வந்தவர் கார்ல் கிரௌல். அப்போது அவருக்கு வயது 30. பல்கலைக்கழகம் உள்ள ஊரில் இருந்தால்தான் இந்தியாவுக்குப் போகிறவர்கள் நன்றாகப் படித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்து, 1848இல் மிஷனை லைப்சிக்குக்குக் கொண்டுவந்தார். லைப்சிக் பல்கலைக்கழகம் 1409இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் இங்கே ஹெர்மன் புரொக்ஹவுஸ் என்ற பேராசிரியர் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டிருந்தார். மாக்ஸ் முல்லர் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரும் இங்கே புரொக்ஹவுஸிடம் படித்தவர்தான். இந்தியா என்றால் சமஸ்கிருதம் மட்டுமே என்று ஐரோப்பிய அறிஞர்கள் நினைத்த காலம் அது.

கிரௌல் வேறு வழியில் போனார். 1849 ஜூலையில் புறப்பட்டு, பலஸ்தீனம், எகிப்து வழியாக இந்தியா போய், தென்னிந்தியாவையும் இலங்கையையும் சுற்றிப் பார்த்து, 1853 ஏப்ரலில் திரும்பி வந்தார். தமிழ் கற்றுக்கொண்டு வந்தார். வந்த கையோடு ஒரு நூல் வரிசையைத் தொடங்கினார். அதன் பெயர் "பிப்லியோதேக்கா தமுலிக்கா", அதாவது தமிழ் நூலகம். லைப்சிக்கில் நான்கு பாகங்களாக அது வெளிவந்தது.

முதற் பாகம் 1854. கைவல்ய நவநீதம் உட்பட மூன்று தமிழ் வேதாந்த நூல்கள், டொச் மொழியில்.

இரண்டாம் பாகம் 1855. கைவல்ய நவநீதத்தின் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பொருள், கூடவே தமிழ் இலக்கணச் சுருக்கம்.

மூன்றாம் பாகம் 1856. திருக்குறள், டொச் மொழியில். மனிதன் நாடிப் போகும் மூன்று இலக்குகள் பற்றிய நூல் என்று அதற்குத் துணைத் தலைப்பு வைத்தார். அறம், பொருள், இன்பம்!

நான்காம் பாகம் 1865. மறுபடியும் திருக்குறள். இந்த முறை தமிழ் மூலம், எளிய தமிழில் விளக்கம், இலத்தீன் மொழிபெயர்ப்பு. ஐரோப்பாவில் எந்த நாட்டு அறிஞரும் படிக்கக்கூடிய பொதுமொழியாக இலத்தீன் இருந்தது. இந்தப் பாகத்தைக் கிரௌல் காணவில்லை. 1864 நவம்பரில் அவர் இறந்துவிட்டார். வில்ஹெல்ம் கெர்மான் என்பவர் அதைச் சரிபார்த்து வெளியிட்டார். சீகன்பால்கின் தெய்வங்கள் பற்றிய நூலை 1867இல் சென்னையில் அச்சுக்குக் கொண்டுவந்தவரும் இதே கெர்மான்தான்.

ஒன்று குறைகிறது

கைவல்ய நவநீதம் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பலர் முழிப்பீர்கள். நானும் முழித்தேன். நவநீதம் என்றால் புதிதாகக் கடைந்தெடுத்த வெண்ணெய். கைவல்யம் என்றால் விடுதலை, வீடுபேறு. வேதாந்தம் என்ற பாலைக் கடைந்து எடுத்த வெண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் நன்னிலத்தைச் சேர்ந்த தாண்டவராய சுவாமிகள். ஒரு குருவும் ஒரு சீடனும் பேசிக்கொள்வது போல நூல் அமைந்திருக்கிறது. முதற் படலத்தில் குரு விளக்குகிறார். இரண்டாம் படலத்தில் சீடன் சந்தேகம் சந்தேகமாகக் கேட்கிறான். குரு கோபப்படாமல் ஒவ்வொன்றாகத் தெளிவிக்கிறார். நூலில் பாதிக்கு மேல் கேள்விதான்! "கேள்வி கேட்காதே, பாடமாக்கு" என்று எங்களுக்குச் சொன்னவர்கள் இந்த நூலைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். திருவண்ணாமலை ரமண மகரிஷி தன்னிடம் வந்தவர்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டிய நூல்களில் இதுவும் ஒன்று.

அதில் வரும் ஒரு கதையை என் சொற்களில் சொல்கிறேன்.

பத்துப் பேர் ஓர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஒருவன் எண்ணுகிறான். ஒன்பது பேர்தான். இன்னொருவன் எண்ணுகிறான். அதே ஒன்பது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று எல்லாரும் உட்கார்ந்து அழுகிறார்கள். அந்த வழியாக வந்த ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "பத்தாவது ஆள் சாகவில்லை, இருக்கிறான்." பிறகு எண்ணியவனையே காட்டி, "நீதான் அந்தப் பத்தாவது ஆள்" என்கிறார். அழுகை நின்றுவிடுகிறது.

நான் இதை முதலில் வாசித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், எங்கள் தொழிலில் மிகப் பழைய பிழை இதுதான். பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டிய இடத்தில் ஒன்றிலிருந்து எண்ணிவிடுவோம். பட்டியலில் ஓர் ஆள் குறையும். எங்கே போனது என்று இரவு முழுக்கத் தேடுவோம். தரவு எங்கேயும் போயிருக்காது. எண்ணிய முறையில்தான் பிழை.

நூல் சொல்ல வருவது ஆழமான வேதாந்தம். ஒருவன் தன் உண்மை இயல்பை மறந்து, தொலையாத ஒன்றைத் தொலைத்ததாக நினைத்து அழுகிறான் என்பது அதன் கருத்து. அறியாமையில் தொடங்கி ஆனந்தத்தில் முடியும் ஏழு நிலைகளை விளக்கவே இந்தக் கதை வருகிறது. அந்த உயரத்துக்கு என்னால் உங்களை அழைத்துப்போக முடியாது. ஆனால் அன்றாட வாழ்க்கைக்கு இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு: எண்ணும்போது உன்னையும் சேர்த்து எண்ணு. குற்றம் எண்ணும்போதும் அப்படித்தான்.

கிரௌல் எண்ணாமல் விட்டது

இனிமேல் வருவது கொஞ்சம் கசப்பு. ஆனாலும் சொல்ல வேண்டும்.

கிரௌல் இந்தியாவுக்குப் போன காலத்தில் அங்கிருந்த மிஷன்களுக்குள் பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்தவர்களாக மாறிய தமிழர்கள் சாதியை வைத்துக்கொள்ளலாமா என்பதே பிரச்சினை. ஆலயத்துக்குள் தனித்தனி இடத்தில் இருப்பது, ஒரே கிண்ணத்தில் இராப்போசனம் எடுக்க மறுப்பது எல்லாம் நடந்தன. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டானியேல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். லைப்சிக் மிஷன் அப்படிச் சொல்லவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், அதைக் கட்டாயப்படுத்தி ஒரே நாளில் ஒழிக்க முடியாது, மெல்ல மெல்லத்தான் போகும் என்பது கிரௌலின் நிலைப்பாடு. 1851இல் சென்னையில் அதைச் சிறு நூலாகவே வெளியிட்டார். அதனால் சாதியை விட மனமில்லாத பல கிறிஸ்தவர்கள் ஆங்கிலிக்கன் சபைகளை விட்டு லைப்சிக் மிஷன் பக்கம் வந்தார்கள்.

அவருக்கு அவருடைய காரணங்கள் இருந்தன. உள்ளூர் வழக்கங்களை மதிக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். தமிழ் நூல்களை அவர் மதித்ததும் அதே மனதிலிருந்து வந்ததுதான். ஆனால் ஊர் வழக்கத்தை மதிக்கிறோம் என்று சொல்லும்போது, அந்த வழக்கத்தால் மிதிபடுகிறவனை யார் எண்ணுவது? ஐந்து வருடம் கழித்து, 1856இல், இதே கிரௌல் திருக்குறளை டொச்சில் வெளியிடுகிறார். அதில் 98ஆவது அதிகாரம் 'பெருமை'. பிறப்பினால் ஒருவரும் உயர்ந்தவரில்லை, செய்யும் செயலால்தான் வேறுபாடு என்று வள்ளுவர் அங்கே நேராகச் சொல்கிறார். மொழிபெயர்த்த கை அதைக் கவனிக்கவில்லையா என்று நான் கோபத்தோடு கேட்டுக்கொண்டேன்.

கோபம் வந்த பிறகுதான் பத்தாவது ஆள் நினைவுக்கு வந்தது.

சில வருடங்களுக்கு முன்பு என் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. அவனே விரும்பிய பெண். யேர்மனியில் பிறந்தவள், நல்ல வேலை. பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்சவன், பக்குவமா விசாரி" என்றார்கள். நானும் தொலைபேசியை எடுத்து, அவர்கள் பக்கத்தில் ஒருவரிடம் கதைத்தேன். சுகம் விசாரித்தேன். வேலை விசாரித்தேன். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஊரில எவடம்?"

இந்தக் கேள்வி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கேட்க மிகச் சாதாரணமான கேள்வி. எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய பேரன் என்று சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசியில் நிற்கும் இடம் சாதிதான். கேட்கிறவருக்கும் அது தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். மறுபக்கத்தில் ஒரு சின்ன அமைதி. பிறகு, "தம்பி, நீங்கள் இஞ்ச பிறந்த பிள்ளை எல்லோ?" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. நான் ஊரில் ஒரு நாள்கூட வாழ்ந்தவன் இல்லை. ஆலமரமும் தெரியாது, ஒழுங்கையும் தெரியாது. ஊரின் நல்லது பலவற்றை இழந்துவிட்ட எனக்கு, ஊரின் இந்த ஒரு கேள்வி மட்டும் எப்படி இவ்வளவு சரளமாக வந்தது? கொன்றைவேந்தனை மறந்துவிட்டேன். "எவடம்" மறக்கவில்லை. கல்யாணம் நடந்தது, ஆனால் அந்தப் பையன் என்னோடு இரண்டு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "அவளிட்டக் கேளுங்கோ, என்னட்ட இல்லை" என்றான். அவளிடமும் கேட்டேன். நான் செய்த கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

கிரௌலைக் குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என்னையும் சேர்த்து எண்ணிய பிறகுதான்.

அந்த இரவில் வந்த விருந்தாளி

கதை கிரௌலோடு முடியவில்லை. ஹில்கோ வியார்டோ ஷோமெரஸ் என்பவர் 1902இல் லைப்சிக் மிஷன் சார்பில் தமிழ்நாட்டுக்குப் போனார். பத்து வருடம் அங்கே இருந்தார். நாம் கோயிலில் கேட்கும் சைவ சித்தாந்தத்தை அடிப்படையிலிருந்து படித்து, 1912இல் லைப்சிக்கில் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். பதி, பசு, பாசம் என்ற மூன்றையும் டொச் வாசகருக்கு விரிவாக விளக்கிய நூல் அது. 1923இல் திருவாசகத்தை டொச்சில் தந்தார். 1925இல் பெரியபுராணக் கதைகளும் திருவாதவூரர் புராணமும் டொச்சில் வந்தன. பிறகு ஹாலேயில் பேராசிரியரானார்.

இவரும் மிஷனரிதான். கடைசி வரை தன் மதமே உயர்ந்தது என்று நம்பியவர்தான். ஆனாலும் மாணிக்கவாசகரின் அழுகையை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், அதை ஒருமுறையாவது தன் நெஞ்சில் வாங்கியிருக்க வேண்டும். நம்பிக்கை வேறாக இருந்தாலும் இன்னொருவரின் பக்தியை மரியாதையோடு வாசிக்க முடியும் என்பதை நான் இவரிடம் கற்றுக்கொண்டேன். உங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள், கிறிஸ்தவப் பிள்ளைகள் இருப்பார்கள், ஒன்றையும் நம்பாதவர்களும் இருப்பார்கள். லைப்சிக்கில் நம்பாதவர்கள்தான் அதிகம். அவர்களோடு இருக்கும்போது இந்தப் பாடம் உதவும்.

பெரியபுராணத்தில் எனக்குப் பிடித்தவர் இளையான்குடி மாற நாயனார். செல்வமெல்லாம் போய் வறுமையில் இருக்கிறார். ஒரு மழை இரவில், நடுச்சாமத்தில், நனைந்தபடி ஓர் அடியார் கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், அன்று பகல் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லை, வீட்டுக் கூரையின் வரிச்சை அறுத்துக் கொடுக்கிறார். குழியில் நின்ற சின்னக் கீரையை அவரே பறித்துக் கொடுக்க, மனைவி கறி சமைக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் அடியார் சோதியாக மறைகிறார். வந்தவர் சிவபெருமான்!

முன்பு இதைக் கோயில் கதையாகத்தான் கேட்டிருந்தேன். அப்பாவின் கதையைக் கேட்ட பிறகு வேறு மாதிரி விளங்கியது. 80களின் நடுவில் பல தமிழர்கள் விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர். வந்த முதல் இரவு, அகதிகள் விடுதியில் அவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் தன் பங்குச் சோற்றைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தாராம். "எவடம் எண்டு அவர் கேக்கேல்ல" என்பார் அப்பா. "சாப்பிட்டியோ எண்டுதான் கேட்டவர்."

கதவைத் தட்டியவன் யார் என்று விசாரித்துவிட்டு மாறனார் வயலுக்குப் போகவில்லை. இந்தக் கதையின் முழு நீதியும் எனக்கு அதிலேயே இருக்கிறது. இன்று யேர்மனிக்கு வந்து விடுதிகளில் இருக்கும் புதிய அகதிகளைப் பற்றி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன கதைக்கிறோம் என்பதையும் நீங்களே ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

குண்டு விழுந்த ஊரில் ஓர் இலக்கணம்

லைப்சிக் புத்தக நகரம். பதிப்பகங்களும் அச்சகங்களும் நிறைந்திருந்த ஒரு பகுதியே இங்கே இருந்தது. 1943 டிசம்பர் 4 அதிகாலையில் விழுந்த குண்டுகளில் அந்தப் பகுதியின் பெரும்பங்கு எரிந்துபோனது. எத்தனையோ இலட்சம் புத்தகங்கள் சாம்பலாயின. அதே 1943இல்தான் லைப்சிக்கில் ஒரு தமிழ் இலக்கண நூலும் வெளியானது. எழுதியவர் ஹெர்மன் பைத்தான். அவரும் இந்த மிஷனோடு தொடர்புடையவர். உலகம் எரிந்துகொண்டிருந்தபோது ஒருவர் தமிழ் வேற்றுமை உருபுகளை டொச் மாணவர்களுக்கு விளக்கி எழுதிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கும் எரிந்த நூலகம் ஒன்று உண்டு. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஓலையும் தாளும் எரியும் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். பாடமாக்குவதற்கு ஏன் எங்கள் பெரியவர்கள் இவ்வளவு அடம்பிடித்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். மனதில் இருப்பதை எல்லையில் யாரும் சோதித்துப் பறிக்க முடியாது. என் அம்மா யேர்மனிக்குக் கொண்டுவந்த பையில் ஒரு புத்தகமும் இருக்கவில்லை. ஆனால் உலகநீதி முழுக்க வந்து சேர்ந்தது.

ஆனால் பாடமாக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, பாடமாக்கியதைத் தன்னில் வைத்துப் பார்ப்பது.

இந்தக் கிழமைக்கு மூன்று சின்ன வேலைகள்

முதலாவது: கொன்றைவேந்தனில் ஒரே ஒரு வரியை எடுங்கள். அதை டொச்சில், உங்கள் நண்பருக்குச் சொல்வது போல எழுதிப் பாருங்கள். சீகன்பால்க் செய்ததை நீங்களும் செய்யலாம். அவரைவிட உங்களுக்கு இரண்டு மொழியும் நன்றாக வரும். எழுதும்போதுதான் எது விளங்கவில்லை என்பது விளங்கும்.

இரண்டாவது: விளங்காததைக் கேளுங்கள். ஆசிரியரிடம், அம்மம்மாவிடம், கோயில் ஐயரிடம். கைவல்ய நவநீதத்துச் சீடன் போலக் கேளுங்கள். உடன்படாவிட்டால் அதையும் சொல்லுங்கள். எங்கள் நூல்களில் சில இடங்களில் பெண்களைப் பற்றி எழுதியிருப்பது எனக்கும் ஏற்றுக்கொள்ள முடியாதது. அதை மறைக்கத் தேவையில்லை. வாதாடிப் படிப்பதும் படிப்புதான்.

மூன்றாவது: யாரையாவது குறை சொல்லிப் பட்டியல் போடும்போது, முடித்த பிறகு ஒரு கணம் நின்று எண்ணுங்கள். ஒன்பதா, பத்தா?

நான்காம் நாள் மருமகளை ரயில் ஏற்றிவிட மத்திய நிலையத்துக்குப் போனேன். கொப்பி அவள் கையில்தான் இருந்தது. ஒரு பக்கத்தில் தமிழ், எதிர்ப்பக்கத்தில் பென்சிலால் டொச். ஏழு வரிக்கு எழுதியிருந்தாள். எட்டாவது வரிக்கு எதிரே பெரிய கேள்விக்குறி.

"இதுக்கு நான் உடன்பட மாட்டன் மாமா. ரீச்சரோட சண்டை பிடிக்கப் போறன்" என்றாள்.

"பிடி. ஆனா முதல்ல பாடமாக்கிக்கொண்டு போய்ப் பிடி" என்றேன்.

ரயில் போனதும் அக்காவுக்குத் தகவல் அனுப்பினேன்: பிள்ளை ஏறிவிட்டாள், கேள்வியோடு வருகிறாள், தயாராக இருங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.